சிலிண்டர் வைக்க ஓர் இடம்

என் மனைவிக்கு மூச்சு முட்டுவது மழைக்காலத்தில் அல்ல, நான் வேலை செய்யும் நாட்களில். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், எந்த நாட்களில் இழுப்பு கூடுதலாக இருக்கிறது என்று கேட்டார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு, "குறிப்பா ஒன்னும் இல்லீங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "செவ்வாயும் வியாழனும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. செவ்வாயும் வியாழனும் நான் உலை பற்றவைக்கும் நாட்கள்.

டொக்டர் என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் கரி. புகை படாமல் இருந்தால் இந்த நெஞ்சு இன்னும் பல காலம் ஓடும், பட்டால் ஓடாது என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் நான் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். தெரிந்துகொண்டே இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னாங்க செய்வீங்க?" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

பன்வில பக்கத்தில் ஒரு தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது வாய்ப் பழக்கம்தான். தேயிலை பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் நான் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர், அவள் தூள் சலிக்கும் இடத்தில். அவளுடைய நெஞ்சில் பாதியைத் தேயிலைத் தூசி எடுத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் ஸ்டோரை மூடினார்கள். கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். நான் கையோடு கொண்டு வந்தது உலை ஊத ஒரு சிறிய காற்றாடியும் இரும்பு அடிக்க ஒரு முழத் தண்டவாளத் துண்டும்தான். அவற்றை வைத்து நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவின் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டில் போட்டு, உலை வைத்தேன். தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்கள் எல்லோருடைய கத்தியும் என்னிடம்தான் வரும். தேய்ந்த கத்தியைக் காய்ச்சி, அடித்து, வளைவு எடுத்து, தண்ணீரில் முக்கி நீர் வைத்துக் கொடுப்பேன். இதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. மீதிப் பாதி நெஞ்சை என் கரிப்புகை எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன் என்றும் சொல்லலாம்.

கேஸில் உலை நடத்தலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டியில் இரும்புக் கதவு அடிக்கிற ஒருவரிடம் அப்படி ஒன்றைப் பார்த்தும் இருக்கிறேன். பழைய சிலிண்டர் ஓட்டுக்குள் தீத்தாங்கும் பஞ்சை ஒட்டி, மேலே ஒரு குழாயைச் செருகி, நீலமாக எரியவிட்டிருந்தார். புகை இல்லை, கரி இல்லை. சட்டை வெள்ளையாக இருந்தது. எனக்கு அந்தச் சட்டைதான் முதலில் கண்ணில் பட்டது.

ஆனால் நான் கேஸைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய காலம் நல்ல காலம் அல்ல. நாட்டில் அங்கும் இங்கும் வீடுகளில் கேஸ் வெடிக்கிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் கலவையை மாற்றிவிட்டார்கள் என்று பஸ்ஸில் எல்லோரும் பேசினார்கள். எங்கள் லயத்தில் சிலிண்டர் வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கி வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வெளியே வைத்துவிட்டு, பேய் பிடித்த ஆளைப் பார்ப்பது போலத் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

நான் அவசரப்படவில்லை. வேறு எந்த விஷயத்தில் முன்கோபியாக இருந்தாலும் வேலை விஷயத்தில் நான் நிதானக்காரன். மடவளையில் வெல்டிங் சாமான் விற்கும் ஒரு நானா இருந்தார். முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாமானை விற்பதைவிட வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு ஆர்வம் அதிகம். மூன்று வாரம் அவர் கடைக்கு நடையாய் நடந்தேன்.

"குசினி ரெகுலேட்டர வெச்சிக்கிட்டு உலை ஊத ஏலாது தம்பி. அது கஞ்சி காச்சத்தான் சரி" என்றார். உலைக்கு அழுத்தம் கூடிய ரெகுலேட்டர் வேண்டும், மேலே அழுத்தமானி வேண்டும், கம்பி பின்னிய குழாய் வேண்டும். சின்ன சிலிண்டரும் சரிவராது. வேகமாக இழுத்தால் உள்ளே குளிர்ந்து, வெளியே பனி பூத்து, பாதியில் மூச்சு அடங்கிவிடும். "ப்ரொப்பேன் மட்டும் உள்ள சிலிண்டர் ஈந்தா ஒங்கட குளிருக்கு நல்லம். அது இங்க கிடைக்காது. கலவதான் ஈக்கி. அதுல பியூட்டேன் குளிருக்கு எழும்பாம படுத்துக்கிடும். பெரிய சிலிண்டரா எடுங்க, ஹோட்டல்காரங்க எடுக்கிறது." கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒருவர் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குத் தானே கேஸ் அடைத்துக் கொடுக்கிறார், சல்லிசாகக் கிடைக்கும் என்று நான் சொன்னேன். நானா கல்லாவை மூடினார். "அங்க எடுக்கிறதெண்டா எனக்கிட்ட குழாய் வாங்க வராதீங்க" என்றார்.

அவர் சொன்னபடியே முத்திரை உடையாத பெரிய சிலிண்டரை முகவரிடமே எடுப்பது என்று தீர்மானித்தேன். கடைசியாக நானா கேட்ட கேள்விதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

"எங்க வெக்கப்போறீங்க?"

கொட்டிலுக்குப் பக்கத்தில் என்றேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று. கேஸ் காற்றைவிடக் கனமானது, ஒழுகினால் தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும் என்றார். வீட்டிலிருந்து தள்ளி, உலையிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி, திறந்த வெளியில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு வைக்க வேண்டும். கிட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் இருக்கக்கூடாது. "அவ்வளவு இடம் ஈக்கிதானே தம்பி?"

நான் இருக்கிறது என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வழியும் அந்தப் பொய்யை மென்றுகொண்டே வந்தேன்.

எங்கள் லயத்தில் ஆறு காம்பரா, ஒரே கூரை. எங்களுடையது மேல் கோடியில். எங்கள் பின்சுவரில் தொடங்கும் கான் மற்ற ஐந்து பின்வாசலையும் தொட்டுக்கொண்டு கீழே போகிறது. என் சிலிண்டர் ஒழுகினால் கேஸ் ஐந்து வீட்டுப் பின்கதவுக்கும் நடந்து போய்ச் சேரும். அந்த ஐந்து வீட்டிலும் அடுப்பு பின்பக்கம்தான். அங்கே வைத்தால் நான் மனிதன் இல்லை.

தோட்டத்து உதவி மேலாளர் சின்னத்துரையிடம் போய்க் கேட்டேன். லயத்துக்கு மேலே தேயிலை நடாத ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் ஒரு மூலையில் சீமெந்துக் கட்டு ஒன்று, ஒரு சிலிண்டர் நிற்கும் அளவுக்கு, போட்டுக்கொள்ளலாமா என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அது தோட்டத்து நிலம். கட்ட ஏலாது. ஒராளுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மூன்று தலைமுறையாக அந்த மலையில் இருக்கிறோம். ஒரு இரும்புப் போத்தலை நிறுத்தி வைக்க எனக்கு என்று இரண்டடி மண் இல்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

இடத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். "ரோதமுனிக்குப் பின்னால வச்சா என்னாங்க?" என்றாள்.

ரோதமுனி ஸ்டோரின் சாமி. ரோதை என்றால் சக்கரம். இயந்திரம் யார் கையையும் காலையும் கேட்காமல் இருக்க, ஸ்டோர் வாசலில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டு வந்தோம். ஸ்டோரை இடித்தவர்கள் கல்லைத் தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் காம்பராவின் பக்கச் சுவரிலிருந்து அது கூப்பிடு தூரம்கூட இல்லை. லயம் ஒரு பக்கம் சரிகிறது, சாமி நிற்கும் தரை மறுபக்கம், பாழடைந்த ஸ்டோரை நோக்கிச் சரிகிறது. அங்கே ஒழுகினாலும் லயத்துக்கு வராது. சாமியின் நிலத்துக்கு எந்தத் துரையிடமும் யாரும் அனுமதி கேட்டதில்லை. நான் நூல் பிடித்து அளந்தேன். உலையிலிருந்து சாமிக்குப் பின்பக்கம் பதினெட்டு அடி.

விளக்கு எரிகிற இடத்தில் கேஸை வைக்கலாமா என்று யாராவது கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். விளக்கு முன்பக்கம், வெள்ளிக்கிழமை மட்டும். சிலிண்டர் பின்பக்கம், சரிவில் கீழே, நடுவில் இடுப்பளவு கல்மேடை. வெள்ளிக்கிழமை நான் குழாயைக் கழற்றி, வால்வை இறுக்கி மூடிவிடுவேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பூசாரி கவ்வாத்துக்காரர், என்னிடம் கத்தி அடிக்கக் கொடுப்பவர். கோவில் ஆட்கள் ஐந்தாறு பேரைக் கூட்டினார். எல்லோரும் உடனே சரி என்றார்கள். "சாமிகிட்ட இருந்தா யாருங்க தொடுவா?" என்றார் பூசாரி. அவர்களுக்குப் பாதுகாப்பு என்றால் திருடன் எடுக்காமல் இருப்பது. எனக்குப் பாதுகாப்பு என்றால் தீ. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக் கைகுலுக்கிக்கொண்டோம்.

சிலிண்டரை இறக்கிய அன்று மனைவி சந்தனமும் குங்குமமும் குழைத்துக் கொண்டு வந்தாள். அதன் தோளில் நான் ஒரு பொட்டு வைத்தேன். ஊரைச் சமாதானப்படுத்தத்தான். அங்கே வைத்த முதல் பொட்டு என்னுடையது.

ஆறேழு மாதம் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். காலையில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி ஒவ்வொரு மூட்டையும் பார்ப்பேன், குமிழி வந்தால் அன்று வேலை இல்லை. உலை முதலில் இரண்டு நாள் அடம்பிடித்தது, பிறகு நீலமாக உறுமியது. செவ்வாய்க்கிழமை மனைவி இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஒரு வியாழக்கிழமை அவள் சிரித்து, சிரிப்புக்குப் பின்னால் இருமல் வராததைக் கேட்டேன். நான் கத்தியைத் தண்ணீரில் முக்கிவிட்டு அப்படியே நின்றேன்.

பிறகு தட்டுப்பாடு வந்தது. அதற்குச் சற்று முன் மாற்றிய என் பெரிய சிலிண்டரைச் சிக்கனமாக ஓட்டினேன். கண்டியில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். வெளியே வைத்த சிலிண்டர்கள் காணாமல் போகத் தொடங்கின. வெடிக்கும் என்று வெளியே வைத்தவர்கள், திருடுவார்கள் என்று உள்ளே இழுத்தார்கள். உள்ளே வைத்தால் மறுபடியும் வெடிக்கும் பயம். ஒரு காலையில் சவர்க்காரத் தண்ணீரோடு போனேன். என் சிலிண்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது, பொட்டு வைத்து. அடுத்த வாரம் மூன்று. பின்பக்கம் நிரம்பியதும் பக்கவாட்டில் வைத்தார்கள், பிறகு முன்பக்கம். ஒன்பது சிலிண்டர், ஒரே சங்கிலியில், வரிசையாகப் பிள்ளைகளை உட்கார வைத்த மாதிரி. பாதிக்கு மேல் காலி. மிச்சத்தில் எது காலி, எது நிறைந்தது என்று வைத்தவருக்கே சந்தேகம்.

நான் வீடு வீடாகப் போனேன். விளக்குக்கு முன்னால் வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். என் வழக்கப்படி நான்காவது வீட்டில் கெஞ்சல் சண்டையாக மாறிவிட்டது. "ஒங்களுக்கு மட்டும் சாமி காவல் இருக்கணும், எங்களுக்கு வேணாமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒருநாள் மூன்றாம் காம்பரா அம்மாவின் சிலிண்டர் கழுத்தில் சவர்க்காரத் தண்ணீரை விட்டேன். சின்னச் சின்னக் குமிழி. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வரிசையில் நான்கு நாள் நின்று வாங்கியது அது. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க அண்ணே" என்றார். நான் வால்வை இறுக்கினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

சின்னத்துரையிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒன்பதும் போகும், அதில் என்னுடையதும் போகும். நான் சொல்லவில்லை. மனைவி கீரை ஆயும் சத்தத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆயுத பூசை வந்தது. கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, ரோதமுனி முன்னால் பரப்பினார்கள். ஒன்பது சிலிண்டருக்கும் புதுப் பொட்டு, சாமந்தி மாலை. கற்பூரத்தை மேட்டுப் பக்கம் தள்ளிக் கொளுத்துங்கள் என்று பூசாரியின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. தள்ளித்தான் கொளுத்தினார். ஆனால் சாமிக்குக் காட்டிய தட்டை ஆயுதங்களுக்கும் காட்ட வேண்டும். கத்திகளுக்குக் காட்டிவிட்டு, தட்டோடு குனிந்து சிலிண்டர் பக்கம் வந்தார். நான் ஈரச் சாக்கோடு நின்றிருந்தேன். அந்தச் சாக்கைப் பார்த்து எல்லோரும் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய சத்தமில்லை. புஸ் என்று ஒரு மூச்சு. புல்மேல் நீலமாக ஏதோ ஓடி, மூன்றாம் காம்பரா அம்மாவின் சிலிண்டர் கழுத்தில் ஏறி, குத்துவிளக்குத் திரி மாதிரி நின்று எரிந்தது. பூசாரியின் கைமயிர் கருகியது, வேட்டி ஓரம் பிடித்தது. யாரோ அவரை இழுத்து உருட்டினார்கள். நான் சாக்கைப் போட்டு அமுக்கி வால்வை முறுக்கினேன். அணைந்தது. ஓடியவர்கள் பிறகு மெல்லத் திரும்பி வந்தார்கள்.

யாருக்கும் பெரிய காயமில்லை. நான் கத்தினேன். குமிழி வந்த சிலிண்டரைக் காட்டி, அன்றைக்கே சொன்னேனே என்று தொண்டை கிழியக் கத்தினேன். பூசாரி கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"சாமிகிட்ட மொத சிலிண்டர கொண்டாந்து வச்சது யாருங்க?"



அன்று பகலே ஒன்பது சிலிண்டரையும் அவரவர் வந்து அகற்றினார்கள். மறுநாள் சின்னத்துரை வந்து கொட்டிலைப் பார்த்தார். இங்கே இனிமேல் கேஸ் உலை கூடாது, மீறினால் கொட்டிலைப் பிரிக்க வேண்டிவரும் என்றார். "கரி போடலாமா துரை?" என்று கேட்டேன். "கரி பரவாயில்லை, முந்தியும் போட்டதுதானே" என்றார். மற்ற எட்டு சிலிண்டரும் எங்கே போயின என்று அவர் கேட்கவில்லை. அவை கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், அந்த ஒரே கூரையின் கீழேதான் இருந்தன. ஒழுகியதும் அதில் ஒன்று. புகையைத் தடை செய்ய மட்டும் யாரும் வரவில்லை.

நானாவிடம் ரெகுலேட்டரையும் குழாயையும் திருப்பிக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் மானியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "இடம் ஈக்கெண்டு சொன்னீங்களே தம்பி" என்றார்.

கத்தி அடிப்பதை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. கரிக்குத் திரும்பினேன். முதல் வியாழனே மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரம் கழித்து, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் மகளிடம் போவதாகச் சொன்னாள். மகள் துணிக்கடையில் வேலை. வீட்டில் கேஸ் அடுப்பு, புகை இல்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பையில் அவள், வெகுநாளாகத் துலக்கிச் சும்மா வைத்திருந்த ஊதுகுழலையும் வைத்தாள். கல்யாணமான புதிதில் ஸ்டோரில் கிடந்த பித்தளைக் குழாயை வெட்டி நான் செய்து கொடுத்தது. "கேஸ் அடுப்பு வீட்டுக்கு இது எதுக்கு?" என்று கேலி செய்தேன். "இருக்கட்டுங்க" என்றாள்.

மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். போகும்போதெல்லாம் மேசையில் சோறு தயாராக இருக்கும். அவள் நன்றாக இருக்கிறேன் என்பாள். இளைத்திருந்தாள். வயது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை கம்பி வாங்கக் கண்டிக்குப் போனவன், சொல்லாமல், ஒரு புதன்கிழமை நடுப்பகலில் போனேன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனேன். தகரத்துக்குக் கீழே மூன்று கல், ஈர விறகு. மனைவி குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலின் நுனி கறுத்துத் தேய்ந்திருந்தது. ஒரு வாரம் ஊதினால் ஒரு பித்தளைக் குழாய் அப்படித் தேயாது, மாதக்கணக்கில் ஊதியது என்று எனக்குத் தெரியும். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். கேஸ் அடுப்பின் மேல் துணி போட்டு, பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"எப்ப கேஸ் முடிஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் வர்றதுக்கு முந்தியேங்க" என்றாள். "அங்க இருந்தா நீங்க என்னைய பாத்து பாத்து உலைய அணைச்சிட்டு நிப்பீங்க. கத்தி கெடக்கும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து குழலை வாங்கினேன். விறகு பற்றும்வரை ஊதினேன். பற்றியதும் அவள் அரிசியைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு நான்கு மணி பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் வியாழன். கவ்வாத்துக் காலம், முப்பது கத்திக்கு மேல் கொட்டிலில் கிடந்தன. விடிந்ததும் கரியைக் கொட்டிப் பற்றவைத்தேன்.